சாமயவும் சமகியவும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. பதில் போடாததுக்குச் சாட்டு முழங்கால்தான். லிஃப்ட் பழுது, வீடு நாலாம் மாடி, ஒருக்கா இறங்கினால் திரும்ப ஏற வேணுமே எண்ட பயம். மனுசி சுகம். மற்றதெல்லாம் வழமைதான்.

பேரனைப் போன மாதம் பள்ளிக்கூடத்தால கோள்மண்டலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. வந்து சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை, "அப்பப்பா, இலங்கைக்கு ஒரு நட்சத்திரம் இருக்காம், தெரியுமோ?" எண்டான். எனக்குத் தெரியாது. தேடிப் பாத்தால் பொடியன் சொன்னது மெய்.

2019 இல சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு நூறு வயசு. அதைக் கொண்டாட நாட்டுக்கு ஒரு நட்சத்திரமும் அதைச் சுத்துற கோள் ஒண்டும் குடுத்து, பேர் வையுங்கோ எண்டு விட்டவை. எங்களுக்குக் கிடைச்சது எச்.டி. 205739 எண்டு வானியல் பட்டியலில இலக்கம் போட்ட நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு 'சாமய', கோளுக்கு 'சமகிய' எண்டு சிங்களத்தில பேர் வைச்சிருக்கினம். சமாதானம், ஒற்றுமை. வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பிளேன்டீயைக் குடிக்காமல் வைச்சுக்கொண்டு இருந்தன், மச்சான்.

எங்கட சூரியனைவிடக் கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் சூடு, ஆனால் அதே சாதிதான். தூரம் ஏறக்குறைய 300 ஒளியாண்டு. இண்டைக்கு வந்து சேருற வெளிச்சம் அங்க இருந்து வெளிக்கிட்டபோது கொழும்புக் கோட்டையில ஒல்லாந்தர் இருந்தவங்கள். கோள் வியாழனைவிடப் பாரம், ஒரு சுத்துக்கு 280 நாள். அதின்ர பாதை சரியான வட்டமில்லை, கொஞ்சம் நீண்ட நீள்வட்டம். ஒற்றுமை சமாதானத்துக்குக் கிட்ட வரும், பிறகு தள்ளிப் போகும். வாயுக்கோள் எண்டபடியால் காலூண்ட நிலமும் இல்லை. பேர் வைச்சவைக்கு இது தெரிஞ்சிருக்குமோ எண்டு யோசிச்சுத் தனியச் சிரிச்சன். மனுசி எட்டிப் பாத்திட்டுப் போனா.

இதில எனக்குப் பிடிச்சது வேற. அந்தக் கோளை ஒருத்தரும் கண்ணால காணேல்லை. சின்னனில தட்டாமாலை சுத்துவமே, நினைவிருக்கோ? உன்ர கடைசித் தங்கச்சியின்ர கையைப் பிடிச்சு நீ சுத்தேக்க அவள் பறப்பாள், நீயும் ஒரு இடத்தில நிக்கமாட்டாய், காலடி கொஞ்சம் கொஞ்சமா நகரும். இருட்டில தங்கச்சி தெரியாட்டிலும் உன்ர காலடியைப் பாத்தே ஆரையோ பிடிச்சுச் சுத்துறாய் எண்டு சொல்லிப்போடலாம். கோள் இழுக்கிற இழுவையில நட்சத்திரம் எங்களை நோக்கிக் கொஞ்சம் வந்து கொஞ்சம் போகுது. வரேக்க வெளிச்சம் நீலப் பக்கம் சாயும், போகேக்க சிவப்புப் பக்கம். கரையோர ரயில் கிட்ட வரேக்க ஒரு சுதியிலயும் கடந்து போகேக்க வேற சுதியிலயும் ஊதுமே, அந்தச் சங்கதிதான். சிலியில மகெல்லன் தொலைநோக்கியால 2008 இல சமகியவைப் பிடிச்சதும் இப்பிடித்தான்.

இந்த வழியைத் திறந்துவிட்டவை மிஷெல் மேயர், டிடியே குவெலோ எண்ட ரெண்டு சுவிஸ் வானியலாளர். 1995 இல, பெகாசஸ் எண்ட நட்சத்திரக் கூட்டத்தில 51 ஆம் நட்சத்திரம். வியாழனில அரைவாசிப் பாரமுள்ள கோள் ஒண்டு நாலே கால் நாளில அதைச் சுத்தி வருது. அந்த நட்சத்திரம் ஆடுற வேகம் வினாடிக்கு 56 மீற்றர், தெற்கு அதிவேகப் பாதையில விடுற வேகத்தில ரெண்டு மடங்கு. 2019 இல அவைக்கு நோபல் பரிசு.

பேரன் எங்கட நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லி நிக்கிறான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர் வேணும். கொழும்பு வெளிச்சத்தில அதுவும் சரிவராது. 2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளில பாத்திருக்கலாம், அப்ப எங்களுக்கு காஸ் கியூதான் வானம். உங்கட ரொறன்ரோவில அது தெற்கில நல்லாத் தாழ்வாத்தான் போகும். யாழ்ப்பாணத்திலயெண்டால் வானத்தில பாதி உயரத்துக்கு ஏறும், தென்மீன் கூட்டத்தில, ஃபோமல்ஹோட் எண்ட பிரகாசமான நட்சத்திரத்துக்கு மேற்கால.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன் எண்டு எழுதியிருந்தாய். தீர்த்தத்தண்டு அமாவாசை, நிலவுத் தொல்லை இல்லை. இரவு பதினொரு மணிபோல நெடுந்தீவில நிண்டால் சரி. படகுக்கு நான் சொல்லி வைக்கிறன், உன்ர அந்தப் பழைய பைனாகுலரை மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன்ர மச்சான்