சிற்பமும் வழிப்போக்கரும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, இனி உனக்கு உட்கார நேரமிருக்காது. எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. படிக்க முடிகிறது, ஆகவே வம்புக்கும் வருகிறேன்.

பொது இடத்துச் சிற்பங்களைப் பற்றி, "ஜனங்கள் முதலில் திட்டுவார்கள், பிறகு கொண்டாடுவார்கள், காலம் தீர்ப்புச் சொல்லும்" என்று எழுதியிருந்தாய். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் செய்த, நாவலாசிரியர் பால்சாக்கின் சிலை உன் கட்சிக்குச் சாட்சிதான். செய்யச் சொன்ன எழுத்தாளர் சங்கமே 1898இல் வேண்டாமென்று தள்ளியது. 1939இல் அது பாரிஸ் தெருவில் வெண்கலமாக எழுந்து நின்றது.

ஆனால் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்'கை (சாய்ந்த வில்) என்ன செய்வாய்? 1981இல் நியூயார்க்கில் அரசு அலுவலக வளாகத்தின் நடுவே 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்புச் சுவர். சதுக்கத்தைக் கடக்கிறவர்கள் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். அதை எடுத்துவிடலாமா என்று 1985இல் நடந்த விசாரணையில் பேசியவர்களில் பெரும்பாலோர் அது இருக்கட்டும் என்றார்கள். ஆனாலும் 1989இல் அறுத்து எடுத்துவிட்டார்கள். வேறு இடத்தில் வைத்தால் அது என் சிற்பமே அல்ல என்றார் செர்ரா. அதில் நியாயம் இருக்கிறது. அந்த இடத்துக்கென்றே செய்தது, நடப்பவனின் வழியை மறித்து இடத்தை உணரவைப்பதுதான் அதன் வேலை. எனக்கு அது நல்ல சிற்பம். ஆனால் தினமும் இரண்டு வேளை அதைக் கடக்கிற குமாஸ்தாவுக்கு நான் யார் புத்தி சொல்ல? அருங்காட்சியகம் பிடிக்காவிட்டால் போகாமலிருக்கலாம். வேலைக்குப் போகாமலிருக்க முடியுமா?

அதற்காக வாக்கெடுப்பு வைக்கச் சொல்லவில்லை. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்தபோது மாயா லின் 21 வயது மாணவி. கறுப்புக் கல்லா, அவமானம் என்று கட்டுமுன்பே கூச்சல். 1982இல் திறந்ததும் வந்தவர்கள் சுவரில் பொறித்திருந்த, போரில் இறந்தவர்களின் பெயர்களைத் தடவினார்கள், காகிதம் வைத்துப் பென்சிலால் படியெடுத்தார்கள். எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த 1984இல் அருகே வைத்த மூன்று வீரர் சிலையை நானாக இருந்தால் அனுமதித்திருக்க மாட்டேன். திறமையான வேலைதான், ஆனால் சுவருக்கு அது தேவைப்படவில்லை.

ஆகவே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. அங்கே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்: தொடுகிறார்களா, சாய்ந்து நிற்கிறார்களா, சுற்றிக்கொண்டு ஓடுகிறார்களா. காலம் தானாக எதையும் நல்லதாக்கிவிடாது. பல சிலைகளைப் பார்க்கப் பழகிவிடுகிறோம், அவ்வளவுதான்.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். முழங்கால் வலி தேவலையா? பதில் போடு.

அன்புடன்,
ராகவன்