ஒரு நாளில் 16 உதயம்: எதைக் கும்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக்குக் கொட்டும் காசில் எத்தனை தமிழ்ப்பள்ளிகளுக்குக் கட்டடம் எழுப்பலாம் என்று சென்ற மாதம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கோபம் நியாயமானது. அவருக்குப் பதில் எழுதியவர்களோ வானிலை அறிக்கை, ஜிபிஎஸ், கூரைமேல் இருக்கும் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டு என்று பலன்களையே அடுக்கினார்கள். எனக்கு அது போதவில்லை.

2007 அக்டோபர் 10 அன்று நம் மலேசிய நாட்டு மருத்துவர் ஷேக் முஸாபர் விண்வெளிக்குப் போனார். ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு வந்த வாய்ப்பு அது. அப்போது நோன்பு மாதம் முடிந்திருக்கவில்லை. விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். ஒரு நாளில் ஏறக்குறைய 16 முறை சூரியன் உதிக்கும். ஐந்து வேளைத் தொழுகைக்கு எந்த நேரக் கணக்கு? தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா, அதாவது மக்காவிலுள்ள கஅபாவின் திசை, நிமிடத்துக்கு நிமிடம் நகருமே? நம் நாட்டு இஸ்லாமிய அறிஞர்கள் கூடிப் பேசி வழிகாட்டி வெளியிட்டார்கள். 24 மணி நேரத்துக்கு ஐந்து வேளை, ராக்கெட் புறப்பட்ட இடத்தின் நேரப்படி. முடிந்தால் கஅபாவை நோக்கித் தொழலாம். இல்லையேல் அதற்கு நேர் மேலே உள்ள வெளியை. அதுவும் முடியாவிட்டால் பூமியை. எதுவுமே இயலாதபோது எந்தத் திசையானாலும் சரி.

நான் இந்து. ஆனாலும் அந்த வரிசை என்னை நெகிழ வைக்கிறது. மண்ணை விட்டே எழும்பிய மனிதன் திரும்பி வணங்க முழுப் பூமியும் ஒரு திசையாகிவிடுகிறது!

நம் பஞ்சாங்கம், ராகுகாலம், கிழக்குப் பார்த்த வாசல் எல்லாமே பூமியில் நின்றுகொண்டு போட்ட கணக்குகள். நம் பிள்ளை ஒருத்தி நாளை அங்கே போனால் தைப்பொங்கலன்று எந்த உதயத்தைக் கும்பிடுவாள்? பழிப்பதற்காகக் கேட்கவில்லை. நம் முன்னோர் இந்தக் கேள்வியைச் சிறிய அளவில் சந்தித்தவர்கள்தாம். நெல் அறுவடையே இல்லாத ரப்பர் தோட்டத்தில் அவர்கள் பொங்கலை விடாமல் வைத்தார்கள். எது ஊரோடு போகும் வழக்கம், எது எங்கே போனாலும் விடமுடியாத நம்பிக்கை என்று பிரித்தறிய விண்வெளி நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தச் செலவுக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ப்பள்ளிகளுக்குப் பணம் கேட்பதை நானும் நிறுத்தமாட்டேன். அதே பள்ளிகளிலிருந்து தேசியக் கோளரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் ராக்கெட்டின் உயரத்தோடும் வேகத்தோடும் நிறுத்திவிடாமல் பொங்கல் கேள்வியையும் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பதில்களுக்கு உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்