இரண்டு பென்ஷன், இரண்டு சான்று

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டாளத்திலிருந்து திரும்பி, தபால் பையைத் தோளில் மாட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் தொண்டி முதல் பாம்பன் வரை பல ஊர்களில் உண்டு. உப்புக்காற்றில் துருவேறும் சைக்கிள் செயினுக்கு ஓயாமல் எண்ணெய் விட்டு, கதவு எண் இல்லாத முகவரியைத் தகப்பன் பெயரை வைத்தே கண்டுபிடித்த மனிதர்கள். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்ட ஆண்டுதோறும் நவம்பரில் தரும் வாழ்நாள் சான்றுக்காக இவர்களை அலையவிடக் கூடாது.

சொல்லி அனுப்பினால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார். கட்டணம் 70 ரூபாய். ஆதார், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி ஆகியவை கையில் இருக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். ராணுவத்துக்கு ஒன்று, தபால் துறைக்கு ஒன்று என இரண்டு பென்ஷன் வாங்குபவர் இரண்டு ஆணை எண்ணுக்கும் தனித்தனியே சான்று எடுக்க வேண்டும். ராணுவ பென்ஷன், பாதுகாப்புத் துறையே இணையவழி வழங்கும் 'ஸ்பர்ஷ்' முறைக்கு மாறியிருந்தால், வழங்கும் இடமாக ஸ்பர்ஷையே தேர்வு செய்ய வேண்டும். பழைய வங்கியைக் குறித்தால் சான்று போய்ச் சேராது.

அடுத்தது ரேகை. கயிறும் உப்பும் தேய்த்த விரல் கருவியில் பதியாது. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வையுங்கள். அதுவும் பதியாவிட்டால் முகப்பதிவு உண்டு. வெளிச்சம் முதுகில் அல்ல, முகத்தில் விழ வேண்டும்.

மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் ஆவணத்திலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். குடும்ப பென்ஷன் அந்த ஓர் எழுத்தில்தான் தடைபடுகிறது.

– வாசகர்கள், ராமநாதபுரம்