மார்பிள் மாதிரி பெயிண்ட் அடிக்கணுமா

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பொண்ணுக்கு வேலை கெடச்சதுல ரொம்ப சந்தோஷம்டா, இனிமே நீ கொஞ்சம் மூச்சு விடலாம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எனக்கு முட்டி வலிதான் போவேனாங்குது, அத விடு.

அந்தப் பழைய மேசைக்கு மார்பிள் எஃபெக்ட் குடுக்கலாமான்னு கேட்டிருந்தல்ல, தாராளமா குடு. ஆனா ஆயில் பெயிண்ட்லயே பண்ணு, அக்ரிலிக் சட்டுனு காஞ்சிரும், ஆயில்ல கலைச்சு ஒத்தி விளையாட நேரம் கெடைக்கும். பாதி பேரு என்ன பண்றாங்கன்னா வெள்ளை அடிச்ச கையோட கருப்பத் தொட்டு கோடு இழுக்க ஆரம்பிச்சிடுறாங்க, அப்புறம் பாத்தா விரிசல் விட்ட சுவரு மாதிரி நிக்கும். மார்பிள் கல்லுல நரம்பு மாதிரி ஓடுற அந்தக் கோடு மேலாப்புல ஒட்டிக்கிட்டு இல்லடா, சுண்ணாம்புக்கல்லு பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் மார்பிளா மாறும்போது அதுல கெடந்த களிமண்ணு, இரும்பு எல்லாம் உள்ளயே மாட்டிக்கிட்டு குடுக்குற நிறம் அது. அதனால நீயும் அடியில இருந்துதான் கொண்டு வரணும்.

மொதல்ல சாட்டின் வெள்ளை, அதான் லேசா மட்டும் பளபளக்குற வகை, ரெண்டு கோட், நல்லா காஞ்சதும் 320 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேய். அப்புறம் லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைனும் கலந்து துணியால மெல்லிசா பூசு, மினுமினுன்னு தெரியணும், வழியக்கூடாது. அந்த ஈரத்து மேலயே கருப்பு, ரா அம்பர்ங்கிற மண் பழுப்பு, வெள்ளை மூணும் கலந்த சாம்பல் கலர சாய்வா திட்டுத்திட்டா வச்சு கசக்குன பேப்பரால ஒத்து, அடுத்து காஞ்ச மெத்து பிரஷ்ஷால பாரமே குடுக்காம அப்படியும் இப்படியும் வருடு. உயிரே இந்த எடத்துலதான், ஓரம் எல்லாம் கரைஞ்சு எது எங்க முடியுதுன்னே தெரியாமப் போயிடணும்.

நரம்புக்கு பிரஷ்ஷ விட இறகு நல்லது. தளர்வா புடிச்சு விரலுக்குள்ள உருட்டிக்கிட்டே இழுத்தா தடிப்பும் மெலிசுமா தானா வரும். ஒரு பக்கம் மட்டும் கலைச்சு விடு, மறுபக்கம் கூரா இருக்கட்டும். காஞ்சதும் மேல வெள்ளைய அதே எண்ணெய்க் கலவைல நல்லா நீர்க்கக் கரைச்சு ஒரு கை பூசுனா போட்ட நரம்பு பாதி உள்ள போயிடும், அதுக்கு மேல ரெண்டே ரெண்டு புதுசா போடு, போதும். நெறைய போடணும்னு கை அரிக்கும், அடக்கிக்கோ.

கல்லு வாங்க வக்கில்லாதவன் பண்ற வேலைன்னு யாராச்சும் சிரிச்சா கண்டுக்காத. தாமஸ் கெர்ஷான்னு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் இந்த வேலைக்கே 1851 லண்டன் கண்காட்சில மெடல் வாங்கியிருக்காரு.

மேல பூசுற வார்னிஷ் வாட்டர் பேஸ்டு வகையா, அதான் எண்ணெய்க்குப் பதிலா தண்ணி சேத்து செஞ்சதா, பாத்து வாங்கு, ஆயில் வார்னிஷ் போகப்போக வெள்ளைய மஞ்சளாக்கிடும். அதுக்கு முன்னாடி பெயிண்ட் முழுசா காயணும், வாரக்கணக்குல ஆனாலும் பொறு. அப்புறம் முக்கியமா எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலைல போட்டுடாத, லின்சீட் ஆயில் காயும்போது சூடாகி தானா தீப்பிடிக்கும், வெளிய விரிச்சுப் போடு.

மேசை பலகை வட்டமா சதுரமான்னு நீ எழுதவே இல்ல. வட்டம்னா நடுவுல இருந்து நாலாபக்கமும் நரம்பு விடாத, ஒரு ஓரத்துல நுழைஞ்சு சாய்வா இன்னொரு ஓரத்துல போகட்டும்.