தொண்ணூறு சதவீதம் யாருடைய கணக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ‘வீட்டிலிருந்தே வெப் டெவலப்பர்’ கட்டுரை படித்தேன். ‘ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் ஆர்வமும் இருந்தால் போதும், சில மாதங்களில் தொழில் மாறிவிடலாம்’ என்கிறார் கட்டுரையாளர். நீண்டகாலம் கணக்கு எழுதும் வேலையில் இருந்துவிட்டு, ஆன்லைன் பூட்கேம்ப் (சில மாதங்களில் கோடிங் கற்றுத்தரும் தீவிரப் பயிற்சி) வழியாகத்தான் நானும் இணையதளம் உருவாக்கும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று அவர் அளந்து சொல்லியிருக்கலாம். பகல் முழுக்க ஆபீஸ். ராத்திரி கேமராவை ஆன் செய்து, முகம் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டை, அதாவது ஒரே இடத்தில் இருவர் செய்த கோடு மாற்றங்கள் மோதிக்கொள்வதை, பிரித்தெடுக்க வேண்டும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பிராமிஸ் (பிறகு வரப்போகும் விடைக்கான உறுதி) என்பது என்ன, அவெயிட் என்ற கட்டளை எதற்குக் காத்திருக்கிறது என்று பிடிபடுவதற்குள், அந்த மொழியிலேயே திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் பாடம் தொடங்கிவிடும். ஒரு வாரம் பின்தங்கினால், திரையில் நம் பெட்டி மட்டும் இருட்டாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அது போகட்டும். ‘படித்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு வேலை’ என்று அடித்துச் சொல்லியிருக்கிறாரே, எத்தனை பேரில் 90? என் பேட்சில் பாதியில் நின்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை. வேலை கிடைக்காத ஒருவரை அந்த நிறுவனமே அடுத்த பேட்சுக்கு டீச்சிங் அசிஸ்டென்ட்டாக வைத்துக்கொண்டது. அவரும் ‘வேலை கிடைத்தவர்’ ஆகிவிட்டார். எங்களுக்கும் அப்படி ஒருவர்தான் சந்தேகம் தீர்த்தார், பாவம். நான் பார்த்த பழைய வேலையில் யாராவது இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் ஆடிட்டர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

தாங்கள் அறியாததல்ல. முன்பு லாம்டா ஸ்கூல் என்று அழைக்கப்பட்ட புளூம்டெக் என்ற ஆன்லைன் கோடிங் பள்ளி மீது 2024இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. வேலை கிடைத்தவர்கள் 86 சதவீதம் வரை என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்ட அந்தப் பள்ளியின் சொந்தக் கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, சில பேட்சுகளில் 30 வரை இறங்கியிருந்தது. ‘இது கடனே அல்ல, வேலை கிடைத்ததும் சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும்’ என்று சொல்லி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கியதும் கடன்தான் என்று அப்போது தெளிவானது. செய்தி உலகத்தில் இருக்கும் தங்களுக்கு இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இணையத்தில் கோடிங் கற்றுத்தரும் ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் ப்ராஜெக்ட் இரண்டும் இலவசம். வெப் டெவலப்பர்கள் புரட்டிப் பார்க்கும் எம்டிஎன் ஆவணங்களும் அப்படியே. கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரி கூட இடமில்லை. பூட்கேம்பில் பணம் கொடுத்து நான் வாங்கியது கெடு தேதியையும், கூடப் படிக்க நாலு பேரையும்தான். எனக்கு அது தேவைப்பட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லித்தானே விற்க வேண்டும்?

அப்புறம் அந்தப் படம். கடற்கரை மணலில் லேப்டாப்போடு ஒரு வாலிபர். வெயிலில் திரை தெரியாது என்பது புகைப்படக்காரருக்குக் கூடவா தெரியாது? பின்னட்டையில் முழுப்பக்க பூட்கேம்ப் விளம்பரம் வந்திருப்பது தற்செயல்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை தங்கள் வேலைவாய்ப்பு இணைப்பைப் பற்றி விரிவாக எழுதினேன். கடைசியில் நன்றி சொன்ன வரி மட்டும் பிரசுரமாகியிருந்தது. அந்த அளவுக்காவது படித்தார்களே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

கேட்பது ஒன்றுதான். இனி இத்தகைய சதவீதத்தை அச்சிடும்போது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், கிடைத்தது என்ன வேலை என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், கட்டுரையின் மூலையில் பொடி எழுத்திலாவது ‘விளம்பரம்’ என்று போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)