மயங்கி விழுவோரின் ஈசிஜியில் க்யூடி இடைவெளியைக் கையால் அளக்க ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், ஈசிஜி டெக்னீஷியன்கள்,
சென்னை.

பெறுநர்:
மாநகர நல அலுவலர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறுக்கு இடமுள்ளவர்களை முன்னதாகக் கண்டறிதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். வெயில் மயக்கம், வலிப்பு என்று சீட்டில் எழுதப்படுபவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது துடிப்புக் கோளாறு. அதன் தடயம் பல நேரம் எடுத்து வைத்த ஈசிஜியிலேயே கிடக்கிறது. தாளின் தலையில் மெஷின் அச்சடிக்கும் ‘நார்மல்’ என்ற சொல்லோடு பார்வை நின்றுவிடுவதுதான் சிக்கல். டி அலை (ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் ஈசிஜியில் வரும் அலை) தட்டையாகவோ இரட்டைக் கூம்பாகவோ இருந்தால், அது முடியும் இடத்தை மெஷின் தவறவிடும்.

எனவே க்யூடி இடைவெளியை, அதாவது துடிப்பின் க்யூ அலை தொடங்குவதிலிருந்து டி அலை முடியும் வரையிலான நேரத்தை, இரண்டாம் லீடிலோ வி5-லோ (ஈசிஜியின் தனித்தனிப் பதிவுக்கோடுகள்) கையால் அளக்க வேண்டும். இது அளவுக்கு மீறி நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடினால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிநொடி. நாடி 90 உள்ளவருக்கு க்யூடி பத்துக் கட்டம், அதாவது 400. பார்வைக்குக் குறையே தெரியாது. ஆர்-ஆர் இடைவெளியின் (அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரம், நொடியில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் (பேசட் முறை) 490 வருகிறது; கனமூலத்தால் வகுத்தால் (ஃபிரிடெரிசியா முறை) 458. நாடி வேகமானால் பேசட் கூட்டிக் காட்டும் என்பதால் இரண்டையும் எழுத வேண்டும். இந்தக் கணக்கில் 500 மில்லிநொடியைத் தாண்டியவரை அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வாந்திபேதியில் பொட்டாசியம் இறங்கியவருக்கு, அவர் ஏற்கெனவே ஃப்ரூசமைடு (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் வாந்தியை நிறுத்தும் ஒன்டான்செட்ரான் ஊசியும் அசித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்தால், க்யூடியை நீட்டும் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மனநோய்க்கான ஹாலோபெரிடால், காசநோய்க்கான பெடாகுயிலின் ஆகியவையும் இந்த வரிசையில்தான்.

மார்பில் ஒட்டும் மின்முனைகளில் வி1, வி2 இரண்டும் நான்காம் விலா இடைவெளியில் ஒட்டப்பட வேண்டியவை. அவசரத்தில் மேலே ஏறிவிட்டால் இல்லாத புருகாடாவின் (திடீர் மரணம் வரை கொண்டுபோகக்கூடிய பரம்பரைத் துடிப்புக் கோளாறு) சாயல் தெரியலாம். புருகாடா என்று மெய்யாகவே சந்தேகித்தால் வேண்டுமென்றே இரண்டாம், மூன்றாம் இடைவெளியில் ஒட்டி மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

தாள் சரியாக இருந்தாலும் கேள்வி தேவை. ஓடும்போதோ நீந்தும்போதோ, திடீர்ச் சத்தம் கேட்டோ மயங்கினாரா? குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென இறந்தார்களா? நீச்சல் தெரிந்தவர் மூழ்கி இறந்ததையும் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஆகவே, க்யூடி, ஆர்-ஆர், இரு கணக்குகள் ஆகியவற்றுக்கு இடம் விட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றை நிலையம்தோறும் தர வேண்டுகிறோம். வலிப்பு மாத்திரை தொடங்கும் முன் ஈசிஜி கட்டாயமாக வேண்டும். மாரடைப்புக்குப் பின் பிபி, சுகர் மாத்திரைக்கு வருவோருக்கு 40 நாள் கழித்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் இதயநோய் நிபுணரிடம் அனுப்ப ஆணையிட வேண்டும். வெப்பத்தாளில் கோடுகள் மங்கிவிடுவதால், ஜெராக்ஸ் எடுத்து நோயாளியின் நோட்டில் ஒட்டவும் அனுமதி தேவை.

இப்படிக்கு,
மேற்கண்ட பணியாளர்கள்

இடம்: சென்னை