மல்லாட்டை வேரையும் பிடுங்கிப் பாருங்கள்: கடலூர் மாவட்ட வேளாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் குடும்பத்துப் பெண் நான். ரைசோபியம் என்ற பாக்டீரியா பாக்கெட்டை ஆறின கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யச் சொல்கிறீர்கள். நல்ல விஷயம். கூடவே யூரியாவைப் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

வேர்முடிச்சில் இருக்கும் இந்தப் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. கூலியாகச் சாப்பாடு வாங்கிக்கொள்கிறது. தின்றுவிட்டு வேலை செய்யாத ரகமும் மண்ணில் உண்டு. 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், சோயா வேரைச் சுற்றி நைட்ரஜனே இல்லாத காற்றை நிரப்பி, பாக்டீரியாவை வேலை செய்யவிடாமல் தடுத்தார்கள். அந்த முடிச்சுகளுக்குள் ஆக்சிஜன் போவது குறைந்தது, பாக்டீரியாவின் பெருக்கமும் குறைந்தது. செடி கொடுத்த தண்டனை அது! உழைக்கும் பாக்டீரியா மண்ணில் தலைமுறை தலைமுறையாக நிலைப்பதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

நைட்ரஜன் உரமான யூரியா தாராளமாகக் கிடைத்தால் செடிக்கு இந்தக் கூட்டாளியே தேவையில்லை. முடிச்சு குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குக் கவலை பாக்டீரியாவைப் பற்றி. அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் நைட்ரஜன் உரம் போட்ட நிலத்திலிருந்தும் போடாத நிலத்திலிருந்தும் க்ளோவர் என்ற தீவனச் செடியின் ரைசோபியத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். உரம் போட்ட மண்ணின் ரைசோபியம் செடிக்குக் குறைவாகத்தான் உதவியது. 2015இல் முடிவு வெளிவந்தது. உரத்தை நிறுத்தினாலும் பழைய கூட்டாளி உடனே திரும்பி வந்துவிடாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நுண்ணுயிர் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை நம் மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலூரில் உருவான கோசி 671 கரும்பு எவ்வளவு நல்ல பெயர் வாங்கியது! செவ்வழுகல் நோயைத் தரும் பூஞ்சை மாறி வந்து அதையும் விட்டுவைக்கவில்லை. பகையாளி மாறுவதைக் கண்காணிக்கிறோம். கூட்டாளி மாறுவதையும் கண்காணிக்க வேண்டாமா?

கேட்பது இரண்டுதான். பூக்கும் பருவத்தில் ஊர் ஊராக வயல் விளக்கம் நடத்துங்கள். செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சைக் கீறிக் காட்டுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. இதைக் கண்ணால் பார்த்த விவசாயி அடுத்த யூரியா மூட்டையை யோசித்துத்தான் பிரிப்பார்.

இரண்டாவது, வருஷக்கணக்காக யூரியா கண்ட கொல்லை, காணாத கொல்லை இரண்டின் மண்ணையும் எடுத்து, அவற்றிலுள்ள ரைசோபியத்தை விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் மல்லாட்டையிலேயே சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் கொல்லை மண்ணையும் தருகிறோம்.

இப்படிக்கு,
மங்கலம்பேட்டை உழவர் வீட்டுப் பெண்